மேல்வீட்டின் கிழக்குச் சன்னல்

ஆலவட்டம் என்றொரு நாடு இருந்தது. வரைபடத்தில் தேட வேண்டாம். வரைபடம் போடுகிறவர்கள் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மேகம் வந்து மறைத்துக்கொள்ளும். நாட்டின் மேற்கே ஒரு மலை. வருஷத்தில் பத்து மாதம் மேகத்தை முக்காடாகப் போட்டுக்கொண்டு நிற்பதால் அதற்கு முக்காட்டு மலை என்று பெயர். மலையடியில் கிழக்கே பரந்து கிடக்கும் சமவெளியில் தலைநகரம். அங்கே வாழ்ந்த மக்கள் சாதுக்கள். சொன்னால் கேட்பார்கள். சொல்லாவிட்டால், என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசித்து அதையும் கேட்பார்கள்.

நாற்பது வருஷத்துக்கு முன்பு அங்கே ஒரு போர் நடந்தது. யாரோடு என்பது பலருக்கு மறந்துவிட்டது. அப்போது நாட்டை ஆண்டவரின் பெயரைச் சொல்லக் கூடாது என்று பின்னால் சட்டம் வந்ததால் நாமும் எல்லோரையும் போல முன்னவர் என்றே சொல்வோம். போர் தொடங்கிய மாதமே முன்னவர் அரண்மனையைப் பூட்டிவிட்டு மலையுச்சியில் ஒரு வீடு கட்டிக்கொண்டு போனார். மக்கள் அனைவரையும் ஒரே பார்வையில் காண்பதற்காகப் போகிறேன் என்று அறிவித்தார். எதிரியின் பீரங்கிக் குண்டு அந்த உயரத்துக்கு எட்டாது என்பதை அறிவிப்பில் சேர்க்க இடம் போதவில்லை போலும்.

மேல்வீட்டிலிருந்து இறங்கிவந்த முதல் ஆணை இது. தினமும் சூரியன் எழுந்ததும் வீட்டுக்கு வீடு அடுப்பு மூட்டிப் புகை எழுப்ப வேண்டும். முன்னவர் கிழக்குச் சன்னலில் நின்று பார்ப்பார். புகை எழுந்தால் அங்கே சோறு வேகிறது என்று அவர் மனம் குளிரும். எழாத வீட்டுக்கு, ஏன் வேகவில்லை என்று அன்போடு விசாரிக்க ஆள் வரும். விசாரிக்க வந்தவர்கள் சிலரைக் கூடவே அழைத்துப் போனார்கள். போனவர்கள் திரும்பவில்லை. காலை வெயிலில் அந்தச் சன்னல் கண்ணாடி சமவெளி முழுக்கத் தெரியும்படி மின்னும். மின்னினால் பார்க்கிறார் என்று அர்த்தம்.

முதல் வருஷம் அரிசி இருந்தது. இரண்டாம் வருஷம் இருந்ததெல்லாம் படைக்கும் மலைக்கும் போய்விட்டது. மக்கள் ஈர வைக்கோலை அடுப்பில் திணித்து ஊதினார்கள். நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். ஆலவட்டத்தில் உலையில்லாமல் புகைந்தது. அந்த வருஷம் சமவெளி முழுவதும் வெள்ளை வெளேரென்று அழகாக இருந்ததாம். அந்த அழகுக்குள் ஆயிரக்கணக்கில் பசியால் செத்தார்கள். வண்டிக்காரத் தெருவில் செங்கமலம் என்பவளின் மகன் கருப்பன் ஐப்பசி மாதம் செத்தான். நாலு வயது. பிள்ளை பாயில் கிடக்க, அவள் விசாரணைக்குப் பயந்து வைக்கோலை ஊதிக்கொண்டிருந்தாள். புகை கண்ணைக் கரித்ததா, அழுகையா என்று இன்றுவரை அவளால் பிரித்துச் சொல்ல முடிந்ததில்லை.

போர் முடிந்தது. முன்னவர் ஓடிப்போனார். தேர்தல் வந்தது. புதிய அரசு மேல்வீட்டுக்கு மூன்று தடவை வெடி வைத்தது. கூரை விழுந்தது, கிழக்குச் சுவர் மட்டும் அசையவில்லை. நகரச் சதுக்கத்தில் ஒரு நினைவுச் சுவர் எழுப்பி, பசியால் செத்தவர்களின் பெயரைச் செதுக்கினார்கள். புகை ஆணையும் ரத்தானது. ஆனால் மறுநாள் காலையும் வீடுகள் புகைந்தன. கண்ணாடி மின்னிக்கொண்டுதானே இருந்தது? எதற்கு வம்பு என்று மக்கள் நினைத்தார்கள். இதை மக்களின் அன்பு என்று அரசு எடுத்துக்கொண்டு, காலைப்புகை இனி அவரவர் விருப்பம் என்று அறிவித்தது. விருப்பமில்லாதவர்கள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

மூன்றாம் தேர்தலில் வந்தவரை இன்னவர் என்பார்கள். அவருக்கு மலை ஏறுவதில் நாட்டமில்லை; மூட்டுவலி. அதனால் அரண்மனை மேல்மாடியிலேயே ஒரு கிழக்குச் சன்னல் வைத்து, தினமும் காலையில் வண்டிக்காரத் தெரு வரை நோக்குவதாக அறிவித்தார். புகையாத வீடு கண்ணில் பட்டால் மூன்று நாளுக்குள் விசாரணை வரும். இந்த வருஷம் மழை பொய்த்தது. அரிசி அருமைப்பட்டது. புகை மட்டும் குறையவில்லை, நாடு செழிப்பாக இருக்கிறது என்று இன்னவர் மகிழ்ந்தார்.

மகிழ்ச்சியில் ஒரு சட்டமும் போட்டார். பொய்ப்புகைச் சட்டம் என்று பெயர். முன்னவர் ஏமாற்றப்பட்டார், சமவெளி நிறையப் புகையைக் கண்டு நாடு வயிறார உண்கிறது என்று அவர் நம்பினார், ஆகவே பசிச்சாவுகளுக்குப் பொறுப்பு புகை போட்ட அந்தந்தக் குடும்பங்களே என்றது சட்டம். குடும்பங்கள் மன்னிப்புக் கடிதம் தர வேண்டும். சுவரிலிருந்து பெயர்கள் நீக்கப்படும்.

சட்டத்துக்கு ஒரு ஆய்வறிக்கை துணை வேண்டியிருந்தது. நினைவுத்துறை அமைச்சர் சிகாமணி, தன் துறையில் பழைய காகிதங்களைக் காத்துவந்த நப்பின்னையை அழைத்தார். செங்கமலத்துக்குப் போருக்குப் பின் பிறந்த மகள் அவள்.

"அம்மையீர், முடிவு தயாராக உள்ளது. ஆய்வுதான் பாக்கி. தாங்கள் மேல்வீட்டின் எச்சங்களைக் கண்டு, அங்கிருந்து பார்த்தால் புகையைத் தவிர வேறெதுவும் தெரிய வாய்ப்பில்லை என்று ஒரு வரி எழுதினால் போதும்" என்றார்.

அன்று மாலை நப்பின்னை செய்தியைச் சொன்னபோது செங்கமலம் அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். பிறகு கேட்டாள்.

"அப்ப நான்தான் கொன்னேன்னு எழுதிக் கேக்குறாங்களா?"

"அப்படி யாரும் நினைக்கலம்மா."

"நான் நெனைக்கிறேன் தாயி. நாப்பது வருசமா நெனைக்கிறேன். அன்னிக்கு அடுப்ப அணைச்சுப் போட்டிருந்தா, ஏன் பொகையலன்னு கேக்க ஒருத்தன் வந்திருப்பான். கருப்பனப் பாத்திருப்பான். ஒரு கை அரிசி குடுத்திருக்க மாட்டானா?" முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீ அந்தச் சன்னல்ல நின்னு பாரு. பொகைக்குள்ள நாங்க சாகுறது அவனுக்குத் தெரிஞ்சுதா, தெரியலையா. அத மட்டும் எனக்கு வந்து சொல்லு. பொய் சொல்லாத."

நப்பின்னை காகிதங்களிலிருந்து தொடங்கினாள். ஓடும் முன் முன்னவர் எல்லாவற்றையும் எரித்துவிட்டார். மிஞ்சியது கோவேறு கழுதைகளின் அனுமதிச் சீட்டுக் கட்டு ஒன்றுதான். எந்தக் கழுதை எதைச் சுமந்து மேலேறியது என்று சீட்டில் எழுதியிருக்கும். திராட்சை, கம்பளம், பன்னீர், ஒரு பியானோவின் கால்கள் என்று படித்துக்கொண்டே வந்தவள் இரண்டாம் வருஷம் ஐப்பசிச் சீட்டில் நின்றாள். செங்கல், சுண்ணாம்பு, மேல்மாடி, கிழக்கு அறை. மறுநாள் சீட்டில் ஓர் ஓவியரும் அவருடைய வர்ணங்களும். குண்டே எட்டாத வீட்டில் எதைப் பழுது பார்த்தார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை.

புறப்பட்ட அன்று செங்கமலம் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தாள். புளிச்சோறு, நாலு பேருக்குக் காணும். உனக்கு இருக்கிறதா என்று கேட்டதற்கு, பானை நிறைய இருக்கிறது என்றாள்.

மலையடிவாரத்தில் காத்தாயி என்பவள் கழுதை வைத்திருந்தாள். அந்தச் சீட்டுகளில் கைநாட்டு வைத்திருந்தவரின் மகள்.

"மேல்வீட்டுல என்ன இருக்கு? செவுரும் பாசியும்தான். மேகம் குடியிருக்குது" என்றாள்.

"உங்க அப்பா செங்கல் கொண்டுபோனாராமே, எதுக்குன்னு சொன்னாரா?"

"கேட்டா, குளுருக்குன்னு சொல்லுவாரு. சொல்லிட்டு மூஞ்சியத் திருப்பிக்குவாரு. அதுக்கப்புறம் அவரு மலைப்பக்கம் போகவே இல்ல."

இரண்டு நாள் ஏறினார்கள். இரண்டாம் நாள் பாதை மேகத்துக்குள் போயிற்று. கழுதையின் மணிச்சத்தம் முன்னால் கேட்டது, சில சமயம் பின்னாலும் கேட்டது. நடக்கிறோமா நிற்கிறோமா என்று தெரியாமல் நப்பின்னை நடந்தாள். காவல் கூண்டு ஒன்று வந்தது. உள்ளே ஒரு பெரணி மரம் நிமிர்ந்து நின்று காவல் காத்தது. இன்னும் கொஞ்சம் போனால் பளிங்குத் தொட்டி, அதில் மழைநீர், நீரில் தலைப்பிரட்டைகள். பெரிய கூடத்தின் தரையெல்லாம் மெத்தென்ற பாசி. அவர்கள் காலடி அவர்களுக்கே கேட்கவில்லை. தோட்டத்தைப் பார்த்த மூன்று சன்னல்களும் சட்டமின்றித் திறந்து கிடந்தன. மேகம் ஒன்றின் வழியாக வந்து, கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இன்னொன்றின் வழியாக மெல்ல வெளியேறியது. இவ்வளவு அமைதியான இடத்திலிருந்தா அவ்வளவு பயம் கீழே வந்தது என்று அவளுக்கு வியப்பாக இருந்தது. இரவு அந்தக் கூடத்திலேயே ஒதுங்கிக்கொண்டார்கள்.

விடிந்ததும் மேகம் விலகியது. நப்பின்னை மாடிப்படி ஏறிக் கிழக்கு அறைக்குள் போனாள். பாதிக் கூரை போயிருந்தது. கிழக்கே ஒரு பெரிய சன்னல். அதற்கப்பால் பச்சை வயல்கள், சிவந்த கூரைகள், ஒவ்வொரு கூரையிலிருந்தும் மெல்லிய நீலப்புகை. அவள் அருகே போய்க் கையை நீட்டினாள். கை சுவரில் இடித்தது.

சன்னல் அல்ல அது. சன்னல் இருந்த இடத்தை உள்பக்கமாகச் செங்கல் வைத்து அடைத்து, சுண்ணாம்பு பூசி, அதன்மேல் ஒரு சன்னலையும் சமவெளியையும் வர்ணத்தில் வரைந்திருந்தார்கள். வெளிப்பக்கக் கண்ணாடியை மட்டும் அப்படியே விட்டிருந்தார்கள். அதுதான் இன்றைக்கும் வெயிலில் மின்னுகிறது. மூன்று தடவை வெடித்தும் அந்தச் சுவர் விழாததற்கு அந்தச் செங்கற்களே முட்டுக்கொடுத்திருந்தன.

"காத்தாயிக்கா, கழுதை மூட்டையில இருக்குற கடப்பாரையக் கொண்டு வாங்க" என்று கீழே குரல் கொடுத்தாள். ஒரு செங்கல்லைப் பெயர்த்து எடுத்தாள். உள்ளே வந்த வெளிச்சத்தில் கண் கூசியது. அழுக்குக் கண்ணாடிக்கு அப்பால், கீழே, நிஜச் சமவெளி புகைந்துகொண்டிருந்தது.

காத்தாயியும் குனிந்து பார்த்தாள்.

"எல்லாம் வைக்கப்பொகை" என்றாள்.

"எப்படிச் சொல்றீங்க?"

"இதென்ன கேள்வி? வெறகு எரிஞ்சு சோறு வெந்தா பொகை நீலமா, மெலிசா, மேல போவும். ஈர வைக்கோலு வெள்ளையா, கனமா, கூரையிலயே படுத்துக் கெடக்கும். அடுப்பு ஊதுற யாருக்கும் தெரியும். இங்கேருந்து பாத்தா கொழந்தைக்குக்கூடத் தெரியும்."

ஓவியத்தில் இருந்த புகை நீலம். எந்தப் புகையைப் பார்க்க விரும்பினார், எதைப் பார்க்கச் சகிக்கவில்லை என்பது முன்னவருக்கும் தெரிந்திருந்தது. நப்பின்னை துவாரம் வழியாகத் தன் தெருவைத் தேடினாள். அரண்மனைக்குப் பின்னால் கோடு போட்டதுபோல் கிடந்தது வண்டிக்காரத் தெரு. அதன்மேல் ஒரு நீலக்கீற்றுகூட இல்லை. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வெள்ளை. பானை நிறைய இருக்கிறது என்று அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. கட்டுச்சோற்று மூட்டையைக் கையில் எடுத்தவள் பிரிக்க மனமில்லாமல் அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

அரண்மனைக்குத் திரும்பிய நப்பின்னையை மேல்மாடிக்கு வரச் சொன்னார்கள். படியில் ஏறும்போது எதிரே ஒரு கொத்தனார் கரண்டியோடு இறங்கி வந்தார். அவர் கை முழங்கை வரை வெள்ளையாக இருந்தது. மேல் அறையில் சிகாமணி அமர்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் கிழக்குச் சன்னலை ஒரு பட்டுத்திரை மூடியிருந்தது. நப்பின்னை பெயர்த்தெடுத்த செங்கல்லை மேசைமேல் வைத்தாள்.

"சன்னலை அடைச்சிருக்காங்க ஐயா. இரண்டாம் வருஷ ஐப்பசியிலே."

"குளிருக்காக இருக்கும் அம்மையீர்."

"மத்த மூணு சன்னலும் திறந்துதான் இருக்கு."

"அவை தோட்டத்தைப் பார்த்தவை. தோட்டத்திலிருந்து குளிர் வராது" என்றார் அமைச்சர். செங்கல்லை ஒரு விரலால் ஓரமாகத் தள்ளினார். "அறிக்கை நேற்றே அச்சுக்குப் போய்விட்டது. தங்கள் பெயரையும் பெருந்தன்மையோடு சேர்த்திருக்கிறோம்."

திறந்திருந்த கதவு வழியாகக் காற்று வந்தது. மேசையிலிருந்த காகிதங்கள் படபடத்தன. பட்டுத்திரை லேசாகப் பின்னுக்குப் போய், எதிலோ ஒட்டிக்கொண்டு நின்றது. ஒட்டிய இடத்தில் பட்டு ஈரமாகி நிறம் மாறியது. அறையெல்லாம் பச்சைச் சுண்ணாம்பு வாடை. நப்பின்னை அதைப் பார்த்தாள். வணங்கிவிட்டு இறங்கினாள்.

வீட்டில் செங்கமலம் வாசலிலேயே நின்றிருந்தாள். அந்த நாலு நாளில் இன்னும் மெலிந்திருந்தாள்.

"தெரிஞ்சிருக்கும்மா" என்றாள் நப்பின்னை. "நல்லாத் தெரிஞ்சிருக்கு. பாக்கப் பிடிக்காம செங்கல் வச்சு அடைச்சுக்கிட்டான். கருப்பண்ணன் செத்த அதே மாசம்."

"அப்ப நான் பொகை போடாம இருந்தாலும்?"

"பாத்திருக்க மாட்டான். அந்தப் பக்கம் ஆளே இல்லம்மா." அரண்மனை மேல்மாடியில் கண்டதையும் சொன்னாள்.

செங்கமலம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "ஆளில்லாத சன்னலுக்கா எம்புள்ளைய விட்டுட்டு ஊதினேன்" என்றாள்.

மறுநாள் காலை வண்டிக்காரத் தெருவில் ஒரு வீடு புகையவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் பதறி ஓடிவந்தார்கள். செங்கமலம் தலைவாரி, வெளுத்த சேலை உடுத்தி, விசாரிக்க வருகிறவர்களுக்குத் தர ஒரு காகிதத்தோடு வாசலில் உட்கார்ந்திருந்தாள். காரணம் என்ற இடத்தில் மகளிடம் சொல்லி 'அரிசி இல்லை' என்று எழுதி வாங்கியிருந்தாள்.

அன்று யாரும் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் வரை தெருவே தன் வேலையை விட்டுவிட்டு அரண்மனைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் வரவில்லை.

நாலாம் நாள் ஏழு வீடுகள் புகையவில்லை. பத்தாம் நாள் தெருவே புகையவில்லை. மாதம் முடிவதற்குள், நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக, ஆலவட்டத்தின் சமவெளி காலையில் பளிச்சென்று தெரிந்தது. வைக்கோலை மாடுகள் தின்றன. செங்கமலத்தைப் போலவே காரணம் எழுதிக் காகிதம் வைத்திருந்தவர்கள் எல்லோரும் அதைக் கையில் பிடித்துக்கொண்டு அரண்மனையை நோக்கி நடந்தார்கள். அவ்வளவு பேர் வருவது மேல்மாடியில் நின்றால் ஒரு காத தூரத்திலேயே தெரியும். அங்கே இன்னவர் தன் சன்னல் முன் நாற்காலி போட்டு அமர்ந்து, அன்றுதான் வர்ணம் காய்ந்திருந்த நீலப்புகையை ரசித்துக்கொண்டிருந்தார்.