இரங்கல் கூட்டத்தில் மட்டற்ற மகிழ்ச்சி

மைக்கைப் பிடித்தால் கை கால் உதறும் என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். எனக்கு உதறாது. என் வாழ்க்கையின் பெரிய அவமானத்துக்கு அதுதான் காரணம்.

நான் படித்தது ஜவ்வாது மலையில், கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு உயர்நிலைப் பள்ளியில். எங்கள் ஊருக்கு பஸ் கிடையாது என்பதால் ஆறாம் வகுப்பிலேயே ஹாஸ்டலில் சேர்த்துவிட்டார்கள். வீட்டில் கும்பிடுவது வேடியப்பனை. ஹாஸ்டலில் சாயங்காலமானால் ஜெபமாலை. (இரண்டு பக்கமும் வேண்டிக்கொண்டும் கணக்கில் நாற்பதைத் தாண்டவில்லை.)

எனக்கு வாய்த்த ஒரே திறமை குரல். இந்தக் குன்றிலிருந்து அந்தக் குன்றில் மேயும் ஆட்டைக் கூப்பிட்டு வளர்ந்த குரல். அதைக் கண்டுபிடித்த தலைமையாசிரியை சிஸ்டர், வரவேற்புரை என்றால் செல்வி என்று முடிவுகட்டிவிட்டார். ஆண்டு விழா, விளையாட்டு விழா, ஊரிலிருந்து ஃபாதர் வந்தால், யாராவது பள்ளிக்கு நாலு ஃபேன் கொடுத்தால், எல்லாவற்றுக்கும் நான்தான். என்னிடம் இருந்ததோ ஒரே ஒரு உரை. “இந்த இனிய நாளில், இந்தப் பொன்னான வேளையில், இன்னாரை வருக வருக என வரவேற்பதில் மட்டற்ற மகிழ்ச்சி அடைகிறேன்.” இன்னார் மட்டும் மாறுவார்.

ஒன்பதாம் வகுப்பு மழைக்காலத்தில் எங்கள் ஹாஸ்டல் சமையல்காரர் லூர்து அக்கா இறந்துபோனார். கலசப்பாக்கத்துப் பக்கம் ஊர். கணவர் இல்லை. சமையற்கட்டுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் மகள் ரெஜினாவோடு இருந்தார். ரெஜினா என் வகுப்பு, என் பெஞ்சு. காய்ச்சல் என்று அக்காவை வேலூருக்குக் கூட்டிப்போனார்கள். நாலாம் நாள் ஆம்புலன்ஸ் நேராகச் சொந்த ஊருக்குப் போய்விட்டது. அடக்கம் முடிந்து, திங்கட்கிழமை காலையில் ரெஜினாவை அவள் மாமா பள்ளியில் கொண்டுவந்து விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே மலையிறங்கிவிட்டார். அன்றைக்குத்தான் இரங்கல் கூட்டம்.

முதல் நாளே சிஸ்டர் என்னைக் கூப்பிட்டிருந்தார்.

“செல்வி, நீ பேசும்மா. மத்தவங்க மைக்கைப் புடிச்சா அழுதுடுவாங்க.”

இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். (இன்றைக்கு யோசித்தால் அப்படித் தெரியவில்லை.) ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதினேன். அக்கா போன துக்கம் எனக்கு இருந்தது, பொய்யில்லை. ஆனால் மூன்றாம் பக்கத்தை முடித்தபோது கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. இதை இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை.

ரேஷன் கார்டில் இருந்த சின்னப் படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டு மேடையில் வைத்திருந்தார்கள். கேமராவைப் பார்த்து அக்கா திருதிருவென்று முழித்தார். முன்வரிசையில் ரெஜினா, தலையைப் படிய வாரி, கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அவள் இன்னும் அழவே இல்லை என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

நானோ பெரிய பேச்சாளி ஆயிற்றே! தாளைப் பார்த்துப் படித்தால் என் மானம் என்ன ஆவது? பாவாடைப் பாக்கெட்டில் மடித்து வைத்துவிட்டு மைக்கின் முன் போய் நின்றேன். ரெஜினாவைப் பார்த்தேன். மூன்று பக்கமும் பலகையில் துடைத்த எழுத்து மாதிரி காணாமல் போய்விட்டது. யாரோ இருமினார்கள். அப்போது என் வாய், என்னைக் கேட்காமல், தானாகத் திறந்தது.

“அனைவருக்கும் என் அன்பான வணக்கம். இந்த இனிய நாளில்…”

‘இனிய’ என்ற இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன? ஆலங்காயம் இறக்கத்தில் பிரேக் போன லாரியை யார் நிறுத்துவது?

“…இந்தப் பொன்னான வேளையில், லூர்து அக்கா அவர்களை வருக வருக என வரவேற்பதில் மட்டற்ற மகிழ்ச்சி அடைகிறேன்.”

ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் அந்த வரியை முடித்தால் தட்ட வேண்டும் என்றுதான் அதுகளுக்குப் பழக்கியிருந்தது. நிறுத்துங்கள் என்று சிஸ்டர் கையைத் தூக்கினார். இன்னும் பலமாகத் தட்டச் சொல்கிறார் என்று நினைத்து அதுகள் வெளுத்து வாங்கின.

ரெஜினா எழுந்தாள். பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போய்விட்டாள். மைக்கை அப்படியே போட்டுவிட்டு நான் பின்னால் ஓடினேன்.

சமையற்கட்டில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள்.

“ரெஜி, வாய் தவறிடுச்சிடி. சத்தியமா.”

அவள் நிமிரவில்லை. “மூணு பக்கம் எழுதி வெச்சிருந்தியாமே. சிஸ்டர் சொன்னாங்க. படி.”

தப்பித்தேன் என்று நினைத்துத் தாளைப் பிரித்தேன். “தியாகத்தின் திருவுருவே! அன்பின் அணையா விளக்கே! பசிப்பிணி போக்க வந்த பொன்மகளே!” குரல் தழுதழுக்க (அதையும் பழகியிருந்தேன்) அரைப் பக்கம் படித்திருப்பேன்.

“நிறுத்துடி. யாரு இது?”

“உங்கம்மாதான்.”

“எங்கம்மா பேரு எங்க வருது அதுல?”

மூன்று பக்கத்தையும் புரட்டினேன். எங்கேயும் இல்லை.

“மைக்குலயாவது ஒரு தடவ பேரச் சொன்ன,” என்றாள். பிறகு, “எங்கம்மாவப் பத்தி உனக்கு இன்னாதான் தெரியும்? ஒண்ணு சொல்லு,” என்றாள்.

சொன்னேன். ஹாஸ்டலில் சேர்ந்த புதிதில் வீட்டு ஞாபகம் வந்து அழுவேன். மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள். அக்கா என்னைச் சமையற்கட்டுக்குக் கூப்பிட்டு ஒரு கூடை சின்ன வெங்காயத்தை முன்னால் வைத்தார். ‘உரிச்சிக்கினே அழு. யாராவது கேட்டா வெங்காயம்னு சொல்லு’ என்றார். ஒரு மாசம் உரித்தேன்.

ரெஜினா என்னையே பார்த்தாள்.

“எங்கிட்ட சொன்னதே இல்ல. ரூமுக்கு வந்தா அது பேசவே பேசாது. அறுபது பேருக்கு ஆக்கிப் போட்டுட்டு வந்து, குந்தின எடத்துலயே தூங்கிடும். நான் எதுனா சொன்னா, ‘நாளைக்குப் பேசலாம் கண்ணு’ங்கும்.” மூச்சு வாங்கினாள். “இன்னொண்ணு சொல்லுடி.”

என்னைத் திட்டுவதற்காக வந்த பிள்ளைகளும் ஒவ்வொருத்தியாக உள்ளே உட்கார்ந்தார்கள். காய்ச்சலில் படுத்தவளுக்குத் தனியாகச் சாமைக் கஞ்சி வைத்ததை ஒருத்தி சொன்னாள். அக்கா மாதா கோயில் பாட்டை எப்போதும் தப்பு ராகத்தில் பாடியதை இன்னொருத்தி பாடியே காட்டினாள். அப்போதுதான் ரெஜினாவுக்கு அழுகை வந்தது. வாசலில் சிஸ்டர் வந்து நின்றார். வகுப்புக்கு மணி அடித்தும் எங்களைக் கூப்பிடவில்லை.

அந்தக் கதை எப்படியோ என் புகுந்த வீடுவரை வந்துவிட்டது. எந்தச் சாவு வீட்டுக்குப் போனாலும் தெருமுனையிலேயே என் கணவர், “கையப் புடிச்சிட்டு வந்துடு. வாயத் தொறக்காத,” என்பார். விருந்தாளி வந்தால் நாத்தனார் பிள்ளைகள் ‘மட்டற்ற மகிழ்ச்சி’ என்று கத்திவிட்டு ஓடும். நானும் சிரிப்பேன். வேறு என்ன செய்ய?

ரெஜினா இப்போது வேலூரில் நர்ஸ். வருஷா வருஷம் அம்மாவின் நினைவு நாளில், கோயிலில் பூசை முடிந்ததும் எனக்கு போன் செய்வாள். நலமா என்றுகூடக் கேட்க மாட்டாள். “ஒண்ணு சொல்லு” என்பாள்.

முதல் சில வருஷம் சுலபமாக இருந்தது. பிறகு என் கையிருப்பு தீர்ந்து, பழைய ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு போன் போட்டுக் கேட்க ஆரம்பித்தேன். அமிர்தியில் வாழ்க்கைப்பட்ட ஒருத்தி இரண்டு கொடுத்தாள். இந்த வருஷம் யாரிடமும் எதுவும் மிஞ்சவில்லை. ஒன்றை நானே ஜோடித்துச் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். (முடியாதவளா நான்?) மனசு வரவில்லை.

“ரெஜி, தீந்துபோச்சிடி,” என்றேன்.



“பரவால்ல. போன வருஷம் சொன்னதையே சொல்லு.”

சொன்னேன். நடுவில் ஓரிடத்தில் நான் தப்பாகச் சொன்னதை அவளே திருத்தினாள்.