கருகல் வாடை

இந்தக் காலத்து ஜனங்களுக்கு மூக்கு எதற்கு இருக்கிறது என்பதே செல்லப்பாவுக்கு விளங்கவில்லை. கண்ணாடி மாட்டிக்கொள்ளத்தான் வைத்திருக்கிறார்கள் போல. காருக்குள் ரப்பர் கருகுகிற நாற்றம் குப்பென்று அடிக்கிறது. மகள் உஷா என்னடாவென்றால், மல்லிகை வாசனை டப்பா ஒன்றை வாங்கி முன்னால் ஒட்டிவைத்திருக்கிறாள்.

"இப்ப எப்படிப்பா இருக்கு?"

"கல்யாண வீட்டுல டயரைக் கொளுத்தின மாதிரி இருக்கு."

உப்பல் பக்கம் ஒரு ஃபேக்டரி கேண்டீனில் முப்பத்திரண்டு வருஷம் அடுப்படியில் நின்றவர் அவர். சாம்பார் அடிப்பிடிப்பதற்கு ஐந்து நிமிஷம் முன்பே கண்டுபிடித்துவிடுகிற மூக்கு. அந்த மூக்கை யாரும் ஏமாற்றியதில்லை. மூக்கைத் தவிர வேறு எதையும் அவர் நம்பியதுமில்லை.

குழந்தை பிறந்து ஐந்து வருஷம் வீட்டில் இருந்த உஷாவுக்கு, இப்போதுதான் ஊரின் மறுகோடியில் கச்சிபௌலியில் வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை சேர வேண்டும். கம்பெனி வண்டி வீடு இருக்கிற நாச்சாரம் பக்கம் வராது. அதற்காகத்தான் இந்த செகண்ட்ஹேண்ட் கார், இரண்டு மாத டிரைவிங் கிளாஸ் எல்லாம். கம்பெனி வேலையாக அமெரிக்கா போயிருந்த கணவன் ஸ்ரீகாந்த் போனில் முடிவாகச் சொல்லிவிட்டான்.

"மாமா கூட உட்கார்ந்து பார்த்து, சரின்னு சொன்னாத்தான் வண்டிய எடுக்கணும். இல்லேன்னா வேலையே வேண்டாம்."

மாமா தினமும் உட்கார்ந்து பார்த்தார். வீட்டிலிருந்து உப்பல் வரை. ஃபேக்டரி பஸ்ஸில் முப்பத்திரண்டு வருஷமும் முன் சீட்டில், எதிரே இருந்த கம்பியை இறுக்கிப் பிடித்தபடி போனவர். காரிலும் முன் சீட்டுதான். காலைத் தரையில் ஊன்றி, கைக்கு அகப்பட்டதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வருகிற வண்டியையெல்லாம் முறைத்துக்கொண்டே வருவார்.

"லாரி! லாரி!"

"அது அந்தப் பக்கம் போகுதுப்பா."

"இந்தப் பக்கம் வர அவனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

உஷா சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவே பயப்படுகிறவள். பாதி வழியில் டாஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு மினுங்கும். அடுத்த நிமிஷம், "வந்துடுச்சு! ரப்பர்! நிறுத்து!" என்பார் செல்லப்பா.

நாச்சாரத்தில் யாதகிரியின் மெக்கானிக் ஷெட்டுக்குப் போனார்கள். ஃபேக்டரித் தமிழர்களின் வண்டிகளைப் பார்த்துப் பார்த்து, தெலுங்குக்காரனான அவனுக்கு அரைகுறைத் தமிழ் வந்திருந்தது. கண்ணை எடுத்தால் நல்ல சாமானைக் கழற்றிக்கொள்வான் என்று செல்லப்பா ஆயில் டின்னைக் கவிழ்த்துப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்தார்.

"பாருங்க சார், சைலன்சர்ல பிளாஸ்டிக் கவர் ஒட்டிட்டு இருக்கு. இதான் வாசனை." யாதகிரி சுரண்டி எடுத்தான்.

மறுநாளும் நாற்றம் அடித்தது.

"கரண்டு லீக்காகுது. அந்தச் சிவப்பு லைட்டு வயரைப் பிடுங்கு" என்றார் செல்லப்பா.

"நக்கோ சார், வேண்டாம். அது பிரேக் லைட்டு. வேணும்."

"பிரேக்கை அவ காலால போடறா. அதுக்கு வெளிச்சம் எதுக்கு? பிடுங்குடா!"

பிடுங்கினான். விளக்கு போயிற்று. நாற்றம் போகவில்லை.

வெள்ளிக்கிழமை யாதகிரி பின் சக்கரத்தைத் தொட்டுவிட்டு, சுட்ட விரலை ஊதிக்கொண்டான். "பிரேக்ல விஷயம் இருக்கு சார்." புது பிரேக் கட்டை போட்டான், கேபிளை இறுக்கினான். "இனிமே சும்மா தொட்டாலே கப்புனு பிடிக்கும்."

பிடித்தது. சனிக்கிழமை முதல் திருப்பத்திலேயே கார் மாடு மாதிரி முரண்டு பிடித்தது. பின்னால் புகை வந்தது. ஆட்டோக்காரன் ஒருவன் கத்திவிட்டுப் போனான்.

உஷாவுக்கு அழுகை வந்துவிட்டது. "வேலைக்கு வரலைன்னு மெயில் போட்டுடறேன்பா."

"போடு. உசிரு முக்கியம்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் யாதகிரி கடைசியாக ஒரு தடவை பார்க்கிறேன் என்றான். செல்லப்பாவை ஷெட்டில் நிறுத்திவிட்டு, உஷாவை ஓட்டச் சொல்லி உப்பல் வரை போய்வந்தான். இறங்கும்போது உஷாவின் முகம் மலர்ந்திருந்தது.

"வாடையே இல்லப்பா!"

"மூக்கு இங்க நின்னுக்கிட்டிருந்தா வாடை எப்படித் தெரியும்?" செல்லப்பா கதவைத் திறந்து முன் சீட்டில் ஏறினார். "இப்ப எடு."

யாதகிரி பின்னால் ஏறிக்கொண்டான். வண்டி அரை கிலோமீட்டர் போயிருக்காது. எதிரே தண்ணி லாரி ஒன்று வந்தது. கார் முனகியது.

"வந்துடுச்சு!" என்றார் செல்லப்பா, பரிசு விழுந்தவர் போல. "நான் சொன்னேன் இல்ல?"

யாதகிரி சாலையைப் பார்க்கவில்லை. இரண்டு சீட்டுக்கும் நடுவே தலையை நீட்டிக் கீழே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, ஓரமா நிறுத்துங்க."

நிறுத்தினாள்.

"நாளைக்கு தைரியமா வேலைக்குப் போங்கம்மா. வண்டில ஒண்ணுமே இல்ல. ஒரு வாரமா சார் இழுத்துப் பிடிச்சிட்டு உட்கார்ந்திருக்காரே, அது கைப்பிடி இல்ல, ஹேண்ட் பிரேக்!"

உஷா குனிந்து பார்த்தாள். அப்பாவின் வலது கை இன்னும் அதை விடவில்லை.

செல்லப்பா மெதுவாகக் கையை எடுத்தார். கதவைத் திறந்து இறங்கினார்.

"கைப்பிடி இல்லேன்னா, கை எட்டற இடத்துல எதுக்குடா வச்சான்?"

"அப்பா, உங்க மாப்பிள்ளைகிட்ட வண்டி சரியாயிடுச்சுன்னு சொல்லிடட்டுமா?"

"சொல்லிக்கோ. நான் நம்பலை. இவன் ஏதோ மறைக்கிறான்."

"பின் சீட்ல ஏறுங்கப்பா, வீட்டுக்குப் போகலாம்."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்துகொண்டே சொன்னார்:

"பஸ்ஸுல கம்பியைப் பிடிச்சா ஒருத்தனும் ஒண்ணும் சொல்றதில்ல."