கோபாலசாமி சுட்ட ஆரோக்கியம்

மளிகைக் கடையில் எந்தப் பாக்கெட்டை எடுத்தாலும் அதன் முகத்தைப் பார்க்காமல், முதலில் முதுகைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படிக்கிற ஆசாமிகளை வருடக்கணக்காகப் பார்த்திருப்பீர்கள். படித்துவிட்டுச் சும்மா வைக்கமாட்டார்கள். பக்கத்தில் நிற்பவரின் கூடைக்குள் எட்டிப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார்கள். இவர்கள்தான் ஆரோக்கியவான்கள். தன் உடம்பைப் பேணுகிறவர் வேறு இனம். இவர் அடுத்தவர் வாயைப் பேணுகிறவர்.

பீளமேட்டில், ஓய்வுபெற்ற மில் மேலாளர் கோபாலசாமியின் வீட்டில் பதினோரு வருடமாகச் சமைக்கும் சாராளுக்கு இந்தப் பெருமூச்சின் ஏற்ற இறக்கம் அத்துப்படி. சர்க்கரை போய்க் கருப்பட்டி வந்தபோது தட்டிப் பொடித்தவள் அவள். அரிசி போய்ச் சாமை வந்தபோது கல் பொறுக்கியவள் அவள். கடைசியாக, கோபாலசாமிக்கு அவர் மகன் வாங்கிக் கொடுத்த ரொட்டி மெஷின் வந்தது. மாவும் தண்ணீரும் ஈஸ்ட்டும் போட்டுப் பொத்தானை அழுத்தினால் தானே பிசைந்து, தானே உப்பவைத்துத் தரும் பெட்டி. கம்பை வறுத்து அரைத்துச் சலிப்பது சாராள், காய் நறுக்குவது சாராள், அடியில் ஒட்டியதைக் கரண்டிக் காம்பால் சுரண்டுவது சாராள். பொத்தானை அழுத்துவது கோபாலசாமி. "எல்லாம் நானே செஞ்சதுங்க" என்பார் வருகிறவர்களிடம். பொய்யா? அந்தப் பொத்தானை வேறு யாரையும் அவர் தொடவிட்டதே இல்லையே!

போன மாதம் ஒருநாள் காலையில் சாராள் அரைநாள் லீவு கேட்டாள்.

"ஏன் அம்மணி, என்ன விசேசம்?"

"எம்புள்ள டீனாவுக்கு இன்னிக்கோட பத்து வயசு முடியுதுங்க சார். மூணு வருசமா பீட்சா, பீட்சாங்கறா. ஒருக்காக்கூட தின்னதில்லீங்க. சாயந்தரம் கடைக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிப்போட்டேன்."

கோபாலசாமி கண்ணை மூடித் திறந்தார். "மைதாங்க அது! கொடல்ல பசையாட்டம் ஒட்டிக்கும். பெத்த புள்ளைக்கு நீங்களே அதைக் குடுப்பீங்களா? லீவெல்லாம் எதுக்கு, புள்ளைய இங்க கூட்டிட்டு வாங்க. நானே செஞ்சு தாரேன்."

வேண்டாம் என்று சொல்ல எத்தனை வழி இருக்கிறது? சம்பளம் வாங்கும் வீட்டில் ஒன்றுகூட இல்லை. மகளின் பிறந்தநாளன்று சாராள் கம்பு வறுத்தாள்.

மெஷினோடு வந்த புத்தகத்தைக் கோபாலசாமி வரி வரியாகப் படித்தார். படித்து, மைதாவை நீக்கினார். ஈஸ்ட்டை நீக்கிப் புளித்த மோர் ஊற்றினார். சீஸ் இருக்கவேண்டிய இடத்தில் கொள்ளுப் பருப்புத் துவையல். மிச்சமிருந்தது புத்தகத்தின் அட்டைதான். ஒன்றரை மணி நேரம் மெஷின் மேடையையே உலுக்கி ஓய்ந்தது. சாராள் மாவில் விரலை வைத்துப் பார்த்தாள்.

"உப்பவே இல்லீங்க சார். கம்புல இழுவை இருக்காதுங்க. கொஞ்சம் கோதுமை மாவாச்சும் சேர்த்தா..."

"மெஷினுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்?"

உப்பாத மாவைத் தட்டி, துவையல் தடவி, தோசைக்கல்லில் சுட்டெடுத்தது சாராள். புதுக் கவுன் போட்டு வந்திருந்த டீனாவின் முன்னால் தட்டு வந்தது. அவள் ஒரு துண்டைக் கடித்து இழுத்தாள். துண்டு வரவில்லை, தலைதான் முன்னுக்கு வந்தது.

"இழுத்தா நூல் நூலா வருமுன்னு எங்க கிளாஸ் ஷ்ரவ்யா சொன்னாளுங்களே?"

"நூல் வந்தா அது கொழுப்பு, கண்ணு."

"நீங்களும் ஒண்ணு தின்னுங்க தாத்தா."

"நான் ராத்திரி ஏழு மணிக்கு மேல ஒண்ணும் சாப்பிடறதில்லை சாமி."

"மணி அஞ்சரைதானுங்களே ஆகுது?"

கோபாலசாமிக்கு அப்போது பார்த்துப் போட்டோ எடுக்கும் ஞாபகம் வந்தது. "எங்கே, சிரி பார்க்கலாம்." வாய் நிறைய கம்போடு ஒரு குழந்தை எவ்வளவு சிரிக்க முடியுமோ அவ்வளவு சிரித்தாள். அடுத்த நிமிடம் குடியிருப்போர் வாட்ஸப் குழுவில் படம் வந்தது: 'சிறுதானியப் பீட்சா. குழந்தைகள் கேட்டுக் கேட்டுச் சாப்பிடுகிறார்கள்.' கட்டைவிரல்கள் குவிந்தன.

பஸ் நிறுத்தத்தில் சாராள் மகளின் தோளைத் தொட்டாள். "வா கண்ணு, இப்பவே கடைக்குப் போயிரலாம்."

"வேண்டாம்மா. பீட்சா எப்படியிருக்குமுன்னுதான் தெரிஞ்சு போச்சே. ஷ்ரவ்யா பொய் சொல்லியிருக்கா."

சாராள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். டீனா பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டுச் சோளமாவு கேக்கை வாயில் அடக்கிக்கொண்டு "நல்லாருக்குங்க" என்று தலையாட்டியவர்களில், வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் இருந்தவர்கள் எத்தனை பேர் என்பதையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கோபாலசாமி யோசிக்கவில்லை. ஒரு குழந்தைக்கு ஒரு பீட்சா இன்னும் தரவேண்டியிருக்கிறது. அவரோ, தந்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்.