கருத்தரங்கில் நூர் பாஷாவின் ரத்தம்

உலக மருத்துவத்தைத் தூக்கி நிறுத்திய ஊர்களைச் சொன்னால், லண்டனுக்கு அடுத்தபடி தொப்பூரைத்தான் சொல்ல வேண்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறில், கணவாய் அடிவாரத்தில் இருந்த எங்கள் மருத்துவமனையில் நடந்த ரத்தத் தட்டணுக் கருத்தரங்கே அதற்குச் சாட்சி. அடியேன் வரவேற்புக் குழுச் செயலாளர். பொன்னாடை, போண்டா இரண்டும் என் பொறுப்பு.

எங்கள் தலைமை மருத்துவர் கிருஷ்ணப்பன் மேதை. காயம் பட்டால் ஓடிவந்து, ஒன்றோடொன்று ஒட்டி, ரத்தத்தை நிறுத்துபவை தட்டணுக்கள். மருந்து விட்டும் அவற்றைத் தூண்டலாம். ஆனால் விடாமல் தூண்டிக்கொண்டே இருந்தால் மரத்துப்போகும். அப்புறம் எவ்வளவு ஊற்றினாலும் அசையாது. இதை அவர் மேடையில் செய்து காட்டப் போகிறார். அதற்கு ரத்தம் வேண்டும். ஊழியர்களைக் கேட்டோம். 'தன்னடக்கம்' மிக்கவர்கள், ஒருவரும் முன்வரவில்லை.

நல்லவேளையாகக் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்தது. அதில் வந்த, லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கும் நூர் பாஷா தொடை கிழிந்து வந்து சேர்ந்தார். மனைவி ஹாஜிரா தன் சேலைத் தலைப்பைக் கிழித்துக் கட்டியிருந்தார். எப்படியும் வெளியேதானே போகிறது என்று, மேற்படி நபரிடமிருந்து ஒரு குழாய் ரத்தம் பிடித்துக்கொண்டோம்.

"தையல் போடச் சொல்லுங்க சார், ரத்தம் நிக்கலீங்க" என்றார் ஹாஜிரா.

"டாக்டர் மேடை ஏறிட்டாரு. பொன்னாடை போத்தறதுக்கு முன்னால எறங்கக் கூடாதும்மா. அது மொற" என்று விளக்கினேன்.

கருத்தரங்கு தொடங்கியது. ஹாஜிரா வாசலில் நின்று முதலில் கூப்பிட்டபோது முன்வரிசையே எழுந்து நின்றது. அடுத்த தடவை இரண்டொருவர் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் அவர் கூப்பிடக் கூப்பிட, சபை ஒழுங்கு கொஞ்சமும் குலையவில்லை. மேடைக் குழாயிலும், விடாமல் ஊற்றிய மருந்துக்குத் தட்டணுக்கள் அசைய மறுத்தன. ஒரே கைதட்டல்.

மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி பச்சியப்பன் போண்டாவை விழுங்கிவிட்டு எழுந்தார். "இது இப்படியே இருந்துடுங்களா டாக்டர்?"

"இல்லீங்க" என்றார் டாக்டர் மைக்கில். "தூண்டறத நிறுத்தி, மருந்தக் கழுவிட்டு, கொஞ்ச நேரம் சும்மா வுட்டா உணர்ச்சி திரும்பிடும்."

கழுவிவிட்டுக் காத்திருந்தோம். தட்டணுக்கள் மறுபடி ஒன்றுகூடின. வாசலிலும் சத்தம் ஓய்ந்திருந்தது. ஹாஜிரா ஒருவழியாகச் சபை நாகரிகம் கற்றுக்கொண்டார் என்று மகிழ்ந்தேன்.

பொன்னாடை போர்த்தி, நன்றியுரையும் முடிந்து, டாக்டர் வராந்தாவுக்கு வந்தார். "உங்க வூட்டுக்காரர் ரத்தம் சுத்தத் தங்கம்மா. சொன்னபடி கேட்டுச்சு. வாங்க, தையல் போட்டுடலாம்."

ஹாஜிரா எழுந்திருக்கவில்லை. பெஞ்சில் கிடந்தவரின் முகத்தை மூடியிருந்தார்.

"அவரு போயிட்டாருங்க. நிறுத்திட்டா உணர்ச்சி திரும்பிடும்னு மைக்குல சொன்னீங்களே. நான் கூப்புடறத நிறுத்தி ரொம்ப நேரமாச்சுங்க. உங்கள்ல ஒருத்தருக்கும் இன்னும் திரும்பலியே."