கடலுக்கு நாற்பத்தெட்டு டிகிரி காய்ச்சல்

கடலுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. சாதாரணக் காய்ச்சல் இல்லை, நாற்பத்தெட்டு டிகிரி செல்சியஸ். துறைமுகமே கூடி வாயில் கைவைத்து நின்றது. அந்தத் தண்ணீரிலேயே காலை நனைத்துக்கொண்டு நின்றவர்கள்கூட நம்பினார்கள். கால் சொல்வதைவிடப் படகிலிருக்கும் கருவியின் திரை சொல்வது பெரிது அல்லவா?

நோயைக் கண்டுபிடித்தவர் கடல் வைத்தியர். மீன் கூட்டத்தையும் தண்ணீரின் சூட்டையும் காட்டும் சின்னத் திரை ஒவ்வொரு படகிலும் உண்டு. அதன் பின்னால் கைவிட்டு ஒயரின் பிளக்கைக் கழற்றுவார். பிளக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, கண்ணை மூடுவார். அதுதான் கடலின் நாடியாம். திரும்பச் சொருகினால் சூடு எகிறும். பிடிக்கிற மீனில் முதல் கூடை தனக்கு என்று படகுக்காரர் ஒத்துக்கொண்டால், மறுபடி நாடி பிடிப்பார். காய்ச்சல் இறங்கும்.

ஒரு படகில் மட்டும் இறங்கவே இல்லை. புதுப் படகு, நல்ல இன்ஜின்.

"இந்தப் படகைக் கடலுக்குப் பிடிக்கல. என் பேருக்கு எழுதிக் குடுத்துடு, உன் உசுராவது மிஞ்சும்" என்றார் வைத்தியர்.

இரண்டு பெண் குழந்தைகளின் தகப்பன் அந்தப் படகுக்காரர். வேறு பிழைப்பு கிடையாது. வைத்தியர் நீட்டிய பத்திரத்தில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார். அவர் மனைவியின் தங்கை ரேடியோ ரிப்பேர் செய்பவள். தோளில் பையோடு படகில் நின்றாள்.

"அத்தான், கையெழுத்துக்கு முன்னாடி பத்து நிமிஷம் குடுங்க. ஐயா, கடைசியா ஒரு தடவை நாடி பாத்துடுங்க."

வைத்தியர் பார்த்தார். நாற்பத்தெட்டு. "கொதிக்குது. அடியில மீனெல்லாம் வேகுது" என்றார். வெந்தது ஏதாவது மிதக்கிறதா என்று ஒருவர் எட்டிப் பார்த்தார்.

தங்கை படகின் பின்பக்கம் போய் ஒரு வாளியைத் தூக்கிவந்தாள். வழக்கமாகக் கடலுக்குள் தொங்கி, திரைக்குத் தகவல் அனுப்பும் டிரான்ஸ்டூசர், ஒயரோடு அதற்குள் கிடந்தது.

"சூடு பாக்கற சென்சார் இதுக்குள்ளதான் இருக்கு. காலையில நான்தான் எடுத்து வச்சேன், அப்பலேருந்து இது கடல்லயே இல்லீங்க. குழாய்த்தண்ணியில ஊறுது."

அத்தான் முழங்கை வரை கையை வாளிக்குள் விட்டார். "சில்லுனு இருக்கே."

வைத்தியர் லேசில் தோற்பவரா? "வாளிக்கும் தொத்திடுச்சு" என்றார். பாதிக் கூட்டம் தலையாட்டியது. ஓர் அம்மா தன் தண்ணீர் பாட்டிலை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

தங்கை வாளிக்குள் தெர்மாமீட்டரை விட்டாள். இருபத்தைந்து. பிறகு பிளக்கைக் கழற்றி, அதன் இரண்டு முனைகளில் மல்டிமீட்டரை வைத்தாள்.

"இந்தச் சூட்டுக்குப் பத்தாயிரம் ஓம் காட்டணும். சூடு ஏறினா எண் குறையும். இப்ப நாலாயிரம்தான் காட்டுது."

பிளக்கை நன்றாகத் துடைத்து, ஊதிக் காயவைத்து மறுபடி மீட்டரை வைத்தாள். பத்தாயிரம். திரையில் சொருகினாள். இருபத்தைந்து.

"சென்சார் நல்லாத்தான் இருக்கு. பிளக்குலதான் ஈரம். அந்த ஈரம்தான் எண்ணைக் குறைச்சு, திரையில சூட்டை ஏத்துது. ஐயா, இப்ப என் கைக்குட்டையில நாடி பிடிங்க."

வைத்தியர் பிளக்கைக் கழற்றினார். பழக்கதோஷத்தில் கை இடது பாக்கெட்டுக்குப் போனது. அத்தான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே இருந்ததை இழுத்தார். சொட்டச் சொட்ட நனைந்த கைக்குட்டை. நாக்கில் வைத்துப் பார்த்தார். கடல் உப்பு. வலது பாக்கெட்டில் இன்னொன்று, மொறமொறவென்று காய்ந்து. இடப்பக்கம் நோய், வலப்பக்கம் மருந்து. ஆஸ்பத்திரியையே சட்டையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார் மனுஷர்.

அத்தான் பத்திரத்தைக் கிழித்துவிட்டு, சிரிப்பும் அழுகையுமாக இன்ஜினைக் கிளப்பினார். கொடுத்த மீனைக் கேட்டபடி கூட்டம் வைத்தியரைத் துரத்தியது.

ஒரு பெரியவர் மட்டும் தங்கையிடம் வந்து கும்பிட்டார். "அம்மா, இந்த மீட்டரை எங்க படகுல கட்டித் தொங்கவிட்டா கெட்டது அண்டாதா?"

தங்கை தலையில் அடித்துக்கொண்டாள்.

"பெரியவரே, இது வேலை செய்ய பேட்டரி வேணும். யோசிக்கறதுக்கு அதுகூட வேணாம்."