துணைக்கேள்வியார் தண்ணீர் குடித்த நேரம்

கேள்வி கேட்கிறவர்களில் இரண்டு இனம் உண்டு. பதில் வேண்டும் என்று கேட்பவர்கள் ஓர் இனம். அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கேட்பார்கள், பதில் கிடைத்ததும் போய்விடுவார்கள், நல்ல பிறவிகள். நம் ஆள் மற்ற இனம். கூட்டம் முடியப் போகிறது, எல்லாரும் செருப்பைக் காலால் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்ற நேரத்தில் "ஒரே ஒரு சின்னக் கேள்வி" என்று எழுந்து, மைக்கை வாங்கி, அதைத் தட்டிப் பார்த்து, பேச வந்தவருக்கு நன்றி சொல்லி, தான் யார் என்று சொல்லி, தன் மாமனார் யார் என்பதையும் சொல்லி, இதே விஷயத்தைத் தான் சின்ன வயதிலேயே யோசித்துவிட்டதைத் தெரிவித்து, கடைசியில் "இது பற்றித் தங்கள் கருத்து என்ன?" என்று முடித்துவிட்டு, பதில் தொடங்குவதற்குள் பக்கத்து நாற்காலிக்காரரிடம் "எப்படி இருந்தது?" என்று விசாரிப்பாரே, அவர்தான். பார்த்திருக்கிறீர்கள். பார்க்காமல் தப்பித்தவர் யார்?

பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டமா, அங்கே இருப்பார். குடியிருப்பில் தண்ணீர்த் தொட்டியைப் பற்றிப் பேசக் கூடினார்களா, அங்கேயும் இருப்பார். தலைவலி என்று மருத்துவரிடம் போவார். தலைவலி ஏன் வருகிறது என்பதை மருத்துவருக்கு விளக்கிவிட்டு, மாத்திரை வாங்காமலே திருப்தியாக வீட்டுக்கு வருவார். தலைவலி மருத்துவரிடம் தங்கிவிடும்.

இப்படிப்பட்டவரை மக்கள் எத்தனை நாள்தான் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவதிப்படுவார்கள்? ஓட்டுப் போட்டுச் சட்டமன்றத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அப்படி அனுப்பப்பட்ட ஒருவருக்கு அங்கே துணைக்கேள்வியார் என்று பெயர். அவர் கேட்கிற கேள்விக்கு ஒரு துணைக்கேள்வி பிறக்கும், அந்தத் துணைக்கேள்விக்கு ஒரு குட்டி பிறக்கும், குடும்பம் பெருகுமே தவிர வீடு போய்ச் சேராது. பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவில் மட்டும் மிச்சம்.

அவரை யாருக்கு நன்றாகத் தெரியும் என்று கேட்டால், அவர் கட்சிக்காரர்களுக்கு என்று நினைப்பீர்கள். இல்லை. மேற்கு வாசல் காவலருக்கு. உறுப்பினர்கள் வெளியே போய் டீ குடிக்கவும், தொலைக்காட்சிக்காரர்களிடம் பேசவும் பயன்படுத்துகிற சின்ன வாசல் அது. அங்கே ஒரு மர ஸ்டூல், ஒரு கனமான இரும்புத் தாழ்ப்பாள், இரண்டுக்கும் பொறுப்பாகக் காக்கிச் சட்டை போட்ட ஓர் அம்மாள். நாள் தவறாமல் சாயங்காலம் துணைக்கேள்வியார் அந்த வழியாகத்தான் வெளியேறுவார். "வண்டியக் கூப்பிடட்டுமா சார்?" என்று காவலர் கேட்பார். ஆமாம் என்றால் வேலை முடிந்தது. அவரோ நின்று, தோள் துண்டைச் சரிசெய்து, "வண்டி எதற்கம்மா? மனிதன் நடப்பதற்குப் பிறந்தானா, சுமக்கப்படுவதற்குப் பிறந்தானா?" என்று ஆரம்பிப்பார். அதற்குள் ஓட்டுநர் பாதித் தூக்கம் போட்டிருப்பார்.

"உனக்காவது வாசலோட போச்சு," என்பார் அந்த ஓட்டுநர். "வலது பக்கம் திரும்பவா சார்னு கேட்டேன். வலது, இடது கொள்கை வரலாறு முழுக்கச் சொன்னார். சொல்லி முடிக்கிறப்போ பக்கத்து ஊர் எல்லையில நிக்கிறோம்."

காவலர் சிரித்துச் சிரித்துப் புரையேறுவார். அந்தக் காலத்தில் அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

பிறகு அந்த நாள் வந்தது. தேர்தல் முடிவு பிடிக்காத ஒரு பெருங்கூட்டம் ஊர்வலமாக வந்தது, வந்தது நிற்கவில்லை, மேற்கு வாசல் வழியாக உள்ளே புகுந்தது. கண்ணாடிகள் போயின. கோப்புகள் பறந்தன. ஒருவன் அவைத்தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து மேஜைமேல் காலைப் போட்டுப் படம் எடுத்துக்கொண்டான். இன்னொருவன் அவைத்தலைவரின் மணியை மடியில் கட்டிக்கொண்டு போய்விட்டான். அதை அவன் வீட்டில் எதற்கு அடிக்கிறானோ தெரியாது. சிரிப்பாகச் சொல்கிறேனே தவிர, அன்று சிரிக்கிற நாள் இல்லை. கதவைத் தோளால் முட்டுக்கொடுத்து நின்ற காவலரின் மணிக்கட்டு முறிந்தது. ஓர் ஆட்சியையே அடித்து விரட்ட வந்த கூட்டத்துக்கு எதிராக ஒரு தனி மனுஷி தோளைக் கொடுத்தாள்.

அதற்குப் பரிசு, பணி இடைநீக்கம். மேற்கு வாசலில் தாழ்ப்பாள் ஏன் போடப்படவில்லை? யார் காரணம்? கண்டுபிடிக்கச் சட்டமன்ற உறுப்பினர்கள் கொண்ட விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. குழு என்று ஒன்று அமைந்தால் அதில் துணைக்கேள்வியார் இல்லாமல் இருப்பாரா? அன்று கூட்டத்தை நேருக்கு நேர் சந்தித்த வீரர் என்று அவரே எல்லாத் தொலைக்காட்சிகளிலும் சொல்லியிருந்தார்.

குழுவுக்கு ஒரு விதி. ஓர் உறுப்பினருக்குப் பத்து நிமிடம். கேள்வியும் பதிலும் அதற்குள். கேட்க நியாயமாக இருக்கிறதா? காவலர் சாட்சி சொல்ல வந்த முதல் நாள் உறுப்பினர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் கேள்வியைத் தொடங்கினார்கள். மக்களாட்சியின் மாண்பு, தத்தம் தொகுதியின் தியாகம், எதிர்க்கட்சியின் துரோகம் எல்லாம் வந்தன. "ஆகவே, தாழ்ப்பாள் ஏன் போடப்படவில்லை?" என்று கேள்வி தரையைத் தொடும்போது குழுத் தலைவர் டம்ளரில் ஸ்பூனால் 'டிங்' என்று தட்டுவார். மணிதான் களவு போய்விட்டதே. காவலர் திறந்த வாயை மூடுவார். குறிப்பெடுப்பவர் எழுதுவார்: சாட்சி விளக்கம் எதுவும் தரவில்லை.

காவலர் நடந்ததை மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்தார். அது மேலே போய், "குழுவின் முன் நேரில் கூறவும்" என்று கீழே வந்தது. அடுத்த அமர்வுதான் கடைசி. அதில் கேள்வி கேட்க மிச்சமிருந்தது ஒரே ஒருவர். யார் என்று உங்களுக்குச் சொல்லவும் வேண்டுமா? அன்றும் அதே வரி எழுதப்பட்டால் வேலை போயே போய்விடும்.

"போச்சு, எல்லாம் போச்சு," என்று தையல் மிஷினை நிறுத்திவிட்டுத் தலையில் கைவைத்தார் காவலரின் கணவர். "மத்தவங்களாவது கடைசியில ஒரு கேள்வின்னு கேட்டாங்க. இவர் அதுவும் கேக்க மாட்டாரே."

காவலர் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் முந்தைய அமர்வுகளின் ஒளிபரப்பு ஓடிக்கொண்டிருந்தது. துணைக்கேள்வியார் போலீஸ் அதிகாரியைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். குரல் ஏறியது, ஏறியது, உச்சியில் போய் "யார் பொறுப்பு?" என்று மேஜையைத் தட்டினார். தட்டிவிட்டு, சபையே அந்த அதிர்ச்சியில் உறையட்டும் என்று விட்டுவிட்டு, டம்ளரை எடுத்து மடக் மடக்கென்று தண்ணீர் குடித்தார். குடித்து வைத்துவிட்டு அடுத்த பத்திக்குப் போனார்.

"ஏங்க, பாத்தீங்களா? தண்ணி குடிக்கிறப்போ பேச முடியல அவரால!"

"யாரால முடியும்?"

"அதத்தான் சொல்றேன். நீங்க ஒரு டம்ளர் தண்ணி குடிங்க."

"தாகம் இல்லையே."

"குடிங்கன்னா குடிங்க!"

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒத்திகை நடந்தது. கணவர் தண்ணீர் குடிப்பார். அவர் டம்ளரை வைப்பதற்குள் மனைவி நடந்ததைச் சொல்லி முடிக்க வேண்டும். முதலில் கூட்டம் புறப்பட்ட இடத்திலிருந்தே ஆரம்பித்தார். டம்ளர் காலியானபோது கூட்டம் தெருமுனையைக்கூடத் தாண்டவில்லை. பேச்சிலிருந்து கட்டுப்போட்ட கையை விட்டார். உடைந்த கண்ணாடியை விட்டார். தான் பயந்ததை விட மனசே வரவில்லை, அதையும் விட்டார். "இன்னொரு தடவ," என்பார். "ஐயோ, வயிறு உப்பிப்போச்சு, விடும்மா," என்று கணவர் கெஞ்சுவார். கெஞ்சிக்கொண்டே டம்ளரை நீட்டுவார். அந்த மனிதரைப் போலக் கணவர் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

"ஆனா ஒண்ணு," என்றார் கடைசியில், வாயைத் துடைத்துக்கொண்டு. "கேள்வி கேக்கறவரையே கை காட்டப்போற. பயமா இல்லையா?"

"இருக்கு," என்றார் காவலர். "அதையும் சேத்துச் சொல்ல டம்ளர்ல எடம் இல்ல."

கடைசி அமர்வு. அறை நிறைந்திருந்தது. துணைக்கேள்வியார் புதுச் சலவைத் துண்டோடு வந்திருந்தார். மேஜைமேல் அவருக்கு வைக்கப்பட்ட டம்ளர் மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் உயரமாக இருந்தது. தண்ணீர் வைக்கிற உதவியாளர் மேற்கு வாசல் ஸ்டூல் பக்கம் தினமும் டீ குடிக்க வருகிறவர். வேறென்ன சொல்ல? உயரமான டம்ளர் வைப்பது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை.

"தலைவர் அவர்களே! ஒரே ஒரு சின்னக் கேள்வி," என்று ஆரம்பித்தார்.

தாழ்ப்பாள் என்ற பொருள் எப்படித் தோன்றியது என்பதிலிருந்து வந்தார். குகையில் வாழ்ந்த மனிதனுக்குத் தாழ்ப்பாள் இருந்ததா? இல்லை. அப்படியானால் அவனுக்கு ஜனநாயகம் இருந்ததா? அதுவும் இல்லை. ஆகவே? அவரே கேட்டார், அவரே பதில் சொன்னார், தன் பதிலைத் தானே மறுத்தார், மறுப்பைக் கேட்டுத் தானே வியந்தார். காவலர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு முறை கை டம்ளர் பக்கம் போனது. காவலர் வாயைத் திறந்துவிட்டார். கை மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டது. பின் வரிசையில் கணவர் பழக்கதோஷத்தில் எச்சிலை விழுங்கினார். குழுத் தலைவர் ஸ்பூனைக் கையில் எடுத்துவிட்டார்.

"இந்த அம்மையாரைக் கேட்கிறேன்! இந்த நாட்டின் சார்பில் கேட்கிறேன்! அன்று அந்த மேற்கு வாசலைத் திறந்துபோட்ட கை யாருடைய கை? யாருடைய கை?"

மேஜையில் ஓர் அடி. டம்ளர் உயர்ந்தது.

"உங்க கைதான் சார்," என்றார் காவலர். "தொலைக்காட்சிக்குப் பேட்டி குடுக்கறேன்னு வாசப்படியில நின்னீங்க. உறுப்பினர் நிக்கிறப்போ அவர் சொல்லாம கதவச் சாத்தக் கூடாதுன்னு விதி. கூட்டம் வருது, உள்ள வாங்க, தாழ்ப்பாள் போடட்டுமான்னு மூணு தடவ கேட்டேன். தாழ்ப்பாள் என்றால் என்னம்மான்னு பேச ஆரம்பிச்சீங்க. நீங்க முடிக்கல சார். அவங்க வந்துட்டாங்க."

சொல்லி முடித்தபோது டம்ளரில் இன்னும் ஒரு வாய் தண்ணீர் இருந்தது. அந்த ஒரு வாய்தான் துணைக்கேள்வியாருக்குப் புரையேறியது.

ஒன்றை நாம் நியாயமாகச் சொல்ல வேண்டும். அவர் எதையும் மறைக்கவில்லை. உண்மையிலேயே அவருக்கு அது நினைவில் இல்லை. அடுத்தவர் கேட்டது காதில் விழுந்திருந்தால்தானே நினைவில் இருக்கும்? அன்று தான் வாசலில் நின்று அருமையாகப் பேசியது நினைவிருந்தது. பேச்சின் நடுவே பின்னாலிருந்து ஏதோ தள்ளியதும், தான் உள்ளே வந்து விழுந்ததும் நினைவிருந்தது. இடையில் ஒரு பெண்பிள்ளை கதறியது மட்டும் எங்கேயும் பதியவில்லை.

குழுத் தலைவர் ஸ்பூனைக் கீழே வைத்தார். "உறுப்பினருக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கு. நான் கேக்கறேன். அன்னைக்கு நீங்க அந்த வாசப்படியில நின்னீங்களா? ஆமாவா, இல்லையா?"

துணைக்கேள்வியார் இருமி முடித்தார். எழுந்தார். துண்டைச் சரிசெய்தார். ஒரே ஒரு வார்த்தை. எது சொல்லியிருந்தாலும் ஏதோ ஒன்று சொன்னதாக ஆகியிருக்கும். ஆனால் பழகின நாக்கு விடுமா?

"தலைவர் அவர்களே, நிற்பது என்றால் என்ன? ஒரு மனிதன் வாசலில் நிற்கிறானா, அல்லது வரலாற்றின் வாசலில்..."

டிங்.

"நேரம் முடிஞ்சுது," என்றார் தலைவர். பிறகு குறிப்பெடுப்பவர் பக்கம் திரும்பி, அறை முழுவதும் கேட்கும்படி, நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: "எழுதிக்கோங்க. உறுப்பினர் விளக்கம் எதுவும் தரவில்லை."

பின் வரிசையில் தையற்காரர் ஒருவர் வாய்விட்டு அழுதுகொண்டே சிரித்தார் என்று பத்திரிகைகளில் வந்தது.

காவலர் திரும்பவும் அதே ஸ்டூலுக்கு வந்துவிட்டார். குழுவின் அறிக்கையில் எல்லாரும் படித்த பரிந்துரை ஒன்றுதான்: கூட்டம் வரும்போது கதவைச் சாத்தக் காவலர் எந்த உறுப்பினரின் அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. துணைக்கேள்வியாரும் முன்போலத்தான் சாயங்காலம் அந்த வழியாக வருகிறார். அவருக்கு யார்மேலும் கோபம் இல்லை. அந்தக் கடைசி அமர்வில் தான் பேசியது எப்படி இருந்தது என்று காவலரிடமே விசாரித்தார். "வண்டியக் கூப்பிடட்டுமா சார்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் காவலர் வண்டியைக் கூப்பிட்டுவிடுகிறார்.

சிரித்தீர்களா? சந்தோஷம். உங்களுக்குத் தெரிந்த நாலைந்து பேரின் முகங்கள்கூட ஞாபகம் வந்திருக்குமே. இருக்கட்டும். இதை நீங்கள் படித்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து யாரோ உங்களை ஏதோ கேட்டார்கள். அடுப்பை அணைக்கட்டுமா என்றோ, கதவைப் பூட்டட்டுமா என்றோ. இரண்டு தடவை கேட்டதாக நினைவு. என்ன பதில் சொன்னீர்கள்? ஆமாம் என்றா, இல்லை என்றா?

"அது அப்படி இல்லை, விஷயம் என்னவென்றால்" என்று தொடங்குகிறீர்களா? பொறுங்கள். முதலில் கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள்.