படிவம் ஒன்பதும் பட்டாணிப் பொடியும்

"நம்ம தராசையெல்லாம் இவங்க சோதிக்கிறாங்க. இவங்களை யாருய்யா எடை போடுறது?"

எடை அளவை அலுவலகத்தின் மாடிப்படியில், முத்திரைக்குக் கொண்டுவந்த தராசை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஒரு கடைக்காரர் இன்னொருவரிடம் இப்படிச் சொன்னார். சொல்லிவிட்டு எதற்கோ திரும்பியவர், நாலு படி கீழே கைப்பிடியைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த எங்கள் அலுவலரைப் பார்த்தார். அவசரமாக ஒரு வணக்கம் வைத்துவிட்டு விறுவிறுவென்று ஏறிப்போய்விட்டார். அலுவலருக்குப் பின்னால் கோப்புகளோடு நான் நின்றிருந்தேன். எனக்கு யாரும் வணக்கம் வைப்பதில்லை.

அலுவலர் தம் அறைக்குப் போய், மின்விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டு, கண்காணிப்பாளரைக் கூப்பிட்டார்.

"அவன் யாரைய்யா சொல்றான்?"

"பொதுவாச் சொல்லியிருப்பான் சார்."

"பொதுவாவா? வணக்கம் வெச்சது எனக்கு. பார்த்தது என் வயித்தை."

கண்காணிப்பாளர் இருபத்தாறு வருட அனுபவம் உள்ளவர். அலுவலரின் வயிற்றைப் பார்க்காமல் சுவரிலிருந்த நாள்காட்டியைப் பார்த்தார்.

மறுநாள் காலை பத்தரை மணிக்குச் சுற்றறிக்கை வந்தது. 'பொதுமக்களின் எடைகளையும் அளவுகளையும் சரிபார்க்கும் உயரிய பொறுப்பில் உள்ள இவ்வலுவலகப் பணியாளர்கள், தத்தம் எடையையும் சரியாக வைத்திருத்தல் இன்றியமையாதது ஆகையால், தொண்ணூறு நாட்களுக்குள் ஒவ்வொருவரும் தமக்கு நிர்ணயிக்கப்பட்ட எடையை எய்துமாறு இதன்மூலம் அறிவுறுத்தப்படுகிறார்கள்' என்று ஆரம்பித்து ஒன்றரைப் பக்கத்துக்குப் போனது. மருத்துவப் பரிசோதனைக் கோப்பைப் பார்த்து, யாருக்கு எத்தனை கிலோ என்பது இணைப்பில் இருந்தது. நாங்கள் எல்லோரும் முதலில் அடுத்தவர் எடையைப் பார்த்தோம். பிறகுதான் சொந்த எடையைப் பார்த்துக் கோபப்பட்டோம்.

கடைசி வரியை எல்லோரும் சிரித்துக்கொண்டே படித்தார்கள்: 'நிர்ணயித்த எடையை எய்தியவர்கள் மட்டுமே இவ்வாண்டு இடமாறுதலுக்குப் பரிந்துரைக்கப்படுவர்.'

சிரிக்காதவள் பதிவறை அக்கா மட்டும்தான். அவளுடைய கணவரும் ஆறு வயது மகளும் இருப்பது வேறு ஊரில். வெள்ளி இரவு பஸ் ஏறினால் சனி காலை பதினோரு மணிக்குப் போய்ச் சேருவாள். ஞாயிறு மத்தியானம் திரும்பக் கிளம்ப வேண்டும். மூன்று வருடமாக இடமாறுதல் கேட்டுக்கொண்டிருக்கிறாள். போன மாதம் ஊருக்குப் போனபோது மகள் வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு, "அப்பா, அம்மா வந்திருக்காங்க" என்று விருந்தாளி வந்ததைச் சொல்வதுபோல் உள்ளே குரல் கொடுத்தாளாம். அதை அக்கா சிரித்தபடிதான் சொன்னாள். சொல்லி முடித்ததும் எழுந்து போய் ஏற்கெனவே அடுக்கியிருந்த கோப்புகளை மறுபடியும் அடுக்கினாள்.

இணைப்பில் அவள் பெயருக்கு எதிரே: இப்போதைய எடை 79, நிர்ணயிக்கப்பட்ட எடை 72.

எப்படிக் குறைப்பது என்பதையும் அலுவலரே முடிவு செய்து வைத்திருந்தார். அவருடைய மச்சினர் ஒருவர் அண்மையில் பதினோரு கிலோ குறைத்தவர். அவருடைய எடையோடு சேர்ந்து, பேசுவதற்கு இருந்த மற்ற விஷயங்களும் குறைந்துபோயிருந்தன. யார் என்ன சொன்னாலும் "புரோட்டீன் எடுக்குறீங்களா?" என்று கேட்பார். ஒரு துக்க வீட்டில்கூடக் கேட்டாராம். அந்த மச்சினரின் ஆலோசனைப்படி ஊழியர் நலச் சங்கத்தின் மூலம் புரோட்டீன் பொடி வரவழைப்பது என்று தீர்மானமானது.

கண்காணிப்பாளர் சுத்த சைவம். கோப்பில் ஒரு சந்தேகம் எழுதி வைத்தார்: பொடி எதிலிருந்து எடுக்கப்படுகிறது?

"பால்லேருந்துதான்யா. மாடு சைவம்தானே?" என்றார் அலுவலர்.

"மாடு சைவம் சார். அதை வெச்சிருக்கிறவன்?"

கோப்பு இருபத்திரண்டு நாள் நின்றது. தொண்ணூறு நாளில் இருபத்திரண்டு போனது. கடைசியில் பாலே வேண்டாம், பட்டாணியிலிருந்து எடுத்த பொடி வாங்கலாம் என்று முடிவானது. பட்டாணியை வளர்த்தவன் என்ன சாப்பிடுகிறான் என்று கண்காணிப்பாளர் கேட்க வாயெடுத்தார். அலுவலர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

"அப்ப பட்டாணியையே வேகவெச்சுச் சாப்பிடலாமே சார்?" என்று பதிவறை அக்கா கேட்டாள்.

"சாப்பிடலாம்மா. யார் வேணாம்னா? ஆனா பட்டாணி சாப்பிட்டா அது சாப்பாடு. பொடியைக் கலக்கிக் குடிச்சாத்தான் அது திட்டம். மேலிடத்துக்கு என்னன்னு எழுதுறது? 'எங்கள் பணியாளர்கள் பட்டாணி தின்றார்கள்'னா?"

பொடி வந்தது. ஒவ்வொரு டப்பாவும் ஒரு பக்கெட் அளவு. மேலே படத்தில், கழுத்தே இல்லாத ஒரு ஆள் இரண்டு கைகளையும் மடக்கிக்கொண்டு யார்மீதோ கோபமாக இருந்தான். கூடவே ஆளுக்கொரு குலுக்கும் பாட்டில். உள்ளே கம்பியால் சுற்றிய ஒரு பந்து. காலையில் பத்தேமுக்காலுக்கு எல்லா மேசைகளிலும் கடகடவென்று குலுக்கல் ஆரம்பிக்கும். வாசலில் காத்திருந்தவர்கள், உள்ளே வேலை மும்முரமாக நடக்கிறது என்று நினைத்துக்கொண்டு மரியாதையாக நின்றார்கள். சுவை, ஈரச் சுண்ணாம்புக் கட்டியில் சர்க்கரை தூவியதுபோல் இருக்கும். ஆனால் யாரும் முகம் சுளிக்கவில்லை. முகம் சுளித்தால் இன்னும் பழகாத ஆள் என்று ஆகிவிடும்.

ஒரே வாரத்தில் எல்லோரும் நிபுணர்கள் ஆகிவிட்டார்கள். "நேத்து எத்தனை கிராம் போச்சு?" என்று மாடிப்படியில் கேட்டுக்கொண்டார்கள். தட்டச்சர் மத்தியானச் சாப்பாட்டை ஒரு கை பார்த்துவிட்டு, அதன்மேல் ஒரு பாட்டில் குடித்துவிட்டு, நாலு மணிக்கு இரண்டு கேக்கும் சாப்பிட்டார்.

"என்னண்ணே, கேக்கு?" என்றாள் அக்கா.

"புரோட்டீன் உள்ளே போயிடுச்சும்மா. இனிமே எது போனாலும் அது தசையா மாத்திடும்."

"டப்பால ஒரு வேளை சாப்பாட்டுக்குப் பதிலாத்தான் குடிக்கணும்னு போட்டிருக்கேண்ணே."

கண்காணிப்பாளர் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "சாப்பாடு வேற, புரோட்டீன் வேறம்மா. ரெண்டையும் குழப்பிக்கக் கூடாது. நானும் சைவம்தான். நான் ரெண்டும் சாப்பிடலையா?"

அவர் இரண்டும் சாப்பிட்டார். மூன்றாவதாக, பாட்டிலைக் கழுவுவதற்குப் பாலும் ஊற்றிக் குடித்தார்.

அந்த டப்பாவில் எழுதியிருந்ததைக் கடைசி வரி வரை படித்தவள் அக்கா ஒருத்திதான். பதிவறையில் வேலை, எழுதியிருந்தால் படித்துவிடுவாள். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பதிலாக ஒரு பாட்டில் குடித்தாள். மத்தியானம் பயறும் காய்கறியும் தயிரும். பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த இரண்டு மைலை நடந்தாள். பசித்தால் தண்ணீர் குடித்துவிட்டு மகளுக்குப் போன் செய்வாள். முட்டை கூடத் தொடாதவள் எப்படிக் குறைக்கப்போகிறாள் என்று தட்டச்சர் என்னிடம் பந்தயம் கேட்டார். எனக்கு வாய் வராது. தலையை மட்டும் ஆட்டினேன். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

தொண்ணூறாம் நாள் வந்தது. பட்டியல் மூன்று மணிக்கு மேலிடத்துக்குப் போக வேண்டும். மதியம் ஒரு மணிக்குச் சோதனைக் கூடத்தில், மூட்டைகளை நிறுக்கும் மேடைத் தராசின் முன்னால் வரிசையில் நின்றோம்.

அப்போதுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. மனிதர்களின் எடையைக் குறிக்க எங்கள் அலுவலகத்தில் படிவம் இல்லை. புதிய படிவத்துக்கு அனுமதி வாங்கப் பதினான்கு மாதம் ஆகும். எனவே இருக்கிற படிவத்தையே பயன்படுத்துமாறு அலுவலர் ஆணையிட்டார். இருந்தது படிவம் ஒன்பது, எடைக்கற்களைச் சோதிப்பதற்கானது. எழுதும் பொறுப்பு என்னுடையது. 'கல்லின் வரிசை எண்' என்ற கட்டத்தில் அவரவர் பெயரை எழுதினேன்.

எடை பார்க்க நின்ற ஆய்வாளர் படிவப்படி நடப்பவர். படிவத்துக்கு வெளியே அவர் நடந்து நான் பார்த்ததில்லை.

முதலில் அலுவலர் ஏறினார்.

"இருக்க வேண்டியது எழுபத்தெட்டு. இருப்பது எண்பத்தேழரை. ஒன்பதரை கிலோ கூடுதல்" என்று ஆய்வாளர் வாசித்தார்.

தொண்ணூறு நாளுக்கு முன்னால் அவர் எண்பத்து நாலு.

ஆய்வாளர் படிவத்தின் பின்பக்கத்தைத் திருப்பி விதியைப் படித்தார். "கல்லு எடை கூடுதலா இருந்தா வாங்குற ஜனங்களுக்கு நஷ்டமில்லை. அதனால ஏற்கலாம். முத்திரை."

"அப்படியா போட்டிருக்கு?" என்றார் அலுவலர்.

"அப்படித்தான் சார் போட்டிருக்கு."

"விதியை எழுதினவன் விவரமான ஆளுய்யா."

கண்காணிப்பாளர் ஐந்து கிலோ கூடுதல், முத்திரை. தட்டச்சர் எட்டு கிலோ கூடுதல், முத்திரை, கைதட்டல். நானும் ஏறினேன். இரண்டு கிலோ கூடுதல். அன்றைக்குத்தான் இத்தனை பேர் என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள். வெட்கமாக இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது என்று ஒத்துக்கொள்கிறேன்.

கடைசியாக அக்கா ஏறினாள். புடவை இடுப்பில் நிற்காமல் ஊக்குக் குத்தியிருந்தாள்.

"இருக்க வேண்டியது எழுபத்திரண்டு. இருப்பது எழுபது கிலோ எண்ணூறு." ஆய்வாளர் நிமிர்ந்து பார்த்தார். குரல் மாறியது. "ஒரு கிலோ இருநூறு கிராம் குறைவு."

"ஆமா சார்," என்றாள் அக்கா சந்தோஷமாக. "அதிகமாவே குறைச்சுட்டேன்."

"எடைக் குறைவுக்கு அனுமதி ஒரு கிராம்கூடக் கிடையாதும்மா. குறைஞ்ச கல்லு மோசடி. நிராகரிக்கப்படுகிறது."

"சார், குறைக்கச் சொன்னதே நீங்கதானே?"

"எழுபத்திரண்டுக்குக் குறைக்கச் சொன்னோம். உன்னை யாரு தாண்டிப் போகச் சொன்னது?"

அக்கா அலுவலரைப் பார்த்தாள். "சார், இந்த ஆபீஸ்லயே நான் ஒருத்திதான் சார் குறைஞ்சிருக்கேன்."

"அதாம்மா பிரச்சினை. மத்தவங்க எல்லாம் ஒழுங்கா இருக்கும்போது நீ மட்டும்னா, மேலிடத்துல என்ன கேப்பாங்க?" அலுவலருக்கும் நெஞ்சில் கவலை இருந்தது. 'நூற்றுக்கு நூறு' என்று அறிக்கையைக் காலையிலேயே தட்டச்சு செய்து கையெழுத்தும் போட்டுவிட்டார். "ஏன்யா, குறைஞ்ச கல்லு வந்தா என்ன செய்வோம்?"

"திருத்தம் செஞ்சு, அதே நாள்ல மறுசோதனைக்குக் கொண்டுவரலாம் சார். கல்லா இருந்தா ஓட்டையில ஈயம் ஊத்துவாங்க."

எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். மணி இரண்டே கால்.

தட்டச்சர் தண்ணீருக்கு ஓடினார். கண்காணிப்பாளர் தம் சொந்த டப்பாவைக் கொண்டுவந்து திறந்தார். நாலு பேர் நாலு பாட்டிலைக் குலுக்கினார்கள். தொண்ணூறு நாளில் அந்த அலுவலகம் இவ்வளவு ஒற்றுமையாக ஒரு வேலை செய்து நான் பார்த்ததில்லை. அக்கா முதல் பாட்டிலை மூச்சு விடாமல் குடித்தாள். எழுபத்தொன்று இருநூறு. இரண்டாவதைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். எழுபத்தொன்று அறுநூறு.

"இன்னும் ஒண்ணே ஒண்ணும்மா. பட்டாணிதானே, ஒண்ணும் செய்யாது," என்றார் கண்காணிப்பாளர் கரிசனமாக.

மூன்றாவது பாட்டில் பாதியோடு நின்றது. அக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினாள். கண்ணில் தண்ணீர் நின்றது. எழுபத்தொன்று எண்ணூறு.

"இருநூறு கிராம்" என்றார் ஆய்வாளர்.

"செருப்பைப் போட்டுக்கட்டும்," என்றார் தட்டச்சர்.

"சோதனையில கல்லோட வேற எதையும் சேர்த்து வைக்கக் கூடாது. விதி."

மூன்று மணிக்கு இன்னும் நாலு நிமிடம். கீழே தபால் வண்டி இரண்டு முறை ஹாரன் அடித்தது. அக்கா தராசை விட்டு இறங்கவில்லை. "சார், இந்த வருஷமும் போச்சுன்னா என் பொண்ணு என்னை ஆன்ட்டின்னுதான் சார் கூப்பிடுவா" என்று மெல்லச் சொன்னாள். ஆய்வாளர் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அலுவலர் எழுந்து வந்தார். மேடைக்குப் பக்கத்தில் நின்று, ஜன்னலுக்கு வெளியே ஏதோ முக்கியமான காட்சி இருப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு வலது காலின் ஷூ முனையை மேடையின் ஓரத்தில் வைத்தார்.

"எழுபத்து நாலு" என்று வாசித்த ஆய்வாளர், குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "சார், கொஞ்சம் எடுங்க."

அலுவலர் கொஞ்சம் எடுத்தார்.

"இன்னும் கொஞ்சம். அப்படியே. எழுபத்திரண்டு. அசையாதீங்க சார்."

நான் எழுபத்திரண்டு என்று எழுதினேன்.